கருப்பு ஆயில் எங்கே போகிறது?

அரியலூரில் லாரி ஓடாத நேரம் உண்டா? கிடையாது!

விடிவதற்கு முன்பே சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளம்பிவிடும். சுரங்கத்தில் இருந்து கல்லை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும். ஆலையில் இருந்து சிமெண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேறு லாரிகள் வெளியூருக்குப் புறப்படும். பக்கத்தில் உள்ள பெரம்பலூரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே உள்ள நான்கு வழிச் சாலை அந்த மாவட்டத்தின் நடுவே போகிறது. இரவானாலும் பகலானாலும் வண்டிதான்!

இத்தனை வண்டிகளுக்கும் டீசல் எங்கே இருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த வண்டிகளின் வயிற்றில் இருந்து இறக்கப்படும் கருப்பு ஆயில் எங்கே போகிறது?

இதை யாரும் கேட்பது இல்லை. வண்டிக்காரர் கேட்பது இல்லை. பட்டறைக்காரர் சொல்வதும் இல்லை. ஒரு டிரம்மில் ஊற்றி மூலையில் வைக்கிறார். டிரம் நிரம்புகிறது. ஒருநாள் காலி ஆகிவிடுகிறது. அவ்வளவுதான்!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்றினால் சுமார் 1 லிட்டர் பழைய ஆயில் இறங்கும். கார் என்றால் 3 அல்லது 4 லிட்டர். பெரிய லாரி என்றால் 15 லிட்டருக்கும் மேலே போகும். ஓர் ஊரில் 1,000 மோட்டார் சைக்கிள்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 3 தடவை ஆயில் மாற்றினால் 3,000 லிட்டர். அதாவது 200 லிட்டர் பிடிக்கும் டிரம்மில் 15 டிரம்! இது மோட்டார் சைக்கிள் கணக்கு மட்டும்தான். லாரி, பஸ், டிராக்டர், கதிர் அறுக்கும் எந்திரம் எதையும் இதில் சேர்க்கவில்லை.

ஆயில் சாவது இல்லை

பழைய ஆயில் என்றால் செத்துப்போன ஆயில் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. ஆயில் சாவது இல்லை. அழுக்குத்தான் ஆகிறது.

எஞ்சினுக்குள்ளே இரும்பும் இரும்பும் உரசுகின்றன. நடுவே மெல்லிய படலமாக ஆயில் நிற்கிறது. உரசலைக் குறைக்கிறது. சூட்டை வாங்கிக்கொள்கிறது. டீசல் எரிந்து உண்டாகும் கரி எஞ்சினில் ஒட்டாமல், அதைத் தன்னோடு சுமந்துகொண்டு சுற்றுகிறது. அதனால்தான் ஆயில் கருப்பாகிறது. “புது ஆயில் ஊற்றி 2 நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கருத்துவிட்டதே!” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. டீசல் எஞ்சினில் ஆயில் கருத்தால், அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

நாளாக ஆக, கரியோடு இரும்புத் தூளும் சேருகிறது. கொஞ்சம் தண்ணீர் சேருகிறது. எரியாத பெட்ரோலும் டீசலும் சேருகின்றன. ஆயிலைத் தயாரிக்கும்போது அதில் கலந்திருந்த மருந்துகளும் தீர்ந்துபோகின்றன. அப்போது ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அடியில் உள்ள எண்ணெய் அப்படியேதான் இருக்கிறது!

வேட்டி அழுக்கானால் தூக்கி எறிகிறோமா? சலவைக்குப் போடுகிறோம். ஆயிலையும் சலவை செய்யலாம். அதற்கென்றே ஆலைகள் இருக்கின்றன.

முதலில் ஆயிலைச் சூடாக்கித் தண்ணீரையும் பெட்ரோலையும் ஆவியாக்கி எடுத்துவிடுகிறார்கள். பிறகு காற்றை உறிஞ்சிவிட்ட பெரிய கலத்தில் அதைக் காய்ச்சுகிறார்கள். காற்றை ஏன் உறிஞ்ச வேண்டும்? காற்றழுத்தம் குறைந்தால், எண்ணெய் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும். கருகாது. ஆவி மேலே போய்க் குளிர்ந்து மறுபடியும் எண்ணெய் ஆகிறது. கரியும் உலோகத் தூளும் அடியில் தார் போலத் தங்கிவிடுகின்றன. மேலே வந்த எண்ணெயை ஹைட்ரஜன் வாயுவினாலோ, ஒருவகைக் களிமண்ணினாலோ இன்னும் சுத்தம் செய்கிறார்கள். பிறகு புது மருந்துகளைக் கலந்தால், மறுபடியும் எஞ்சினுக்கு ஊற்றலாம். ஒழுங்காகச் செய்தால் புது ஆயிலுக்கு அது இளைத்தது அல்ல.

பழைய காலத்தில் கந்தக அமிலத்தை ஊற்றிச் சுத்தம் செய்வார்கள். ஆயில் சுத்தமாகும். ஆனால் அமிலச் சேறு மிஞ்சும். அதை எங்கே கொட்டுவது? ஒரு அழுக்கைப் போக்கி, அதைவிட மோசமான அழுக்கை உண்டாக்கும் வேலை அது. அந்த முறை கூடாது என்று இந்தியாவில் ஒதுக்கிவிட்டார்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. சுமார் 2.4 லிட்டர் எஞ்சின் ஆயில் எடுக்க 159 லிட்டர் கச்சா எண்ணெய் வேண்டும். (மிச்சம் வீண் அல்ல. பெட்ரோலும் டீசலும் மற்றவையும் ஆகும்.) அதே 2.4 லிட்டரை, 3.8 லிட்டர் பழைய ஆயிலில் இருந்தே எடுத்துவிடலாம்! நமது நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 5-ல் 4 பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வருகிறது. அதற்கு நாம் டாலரில் பணம் கொடுக்கிறோம். அப்படி வந்த எண்ணெயை ஒரே ஒரு தடவை உபயோகித்துவிட்டுச் சாக்கடையில் ஊற்றுகிறோம்!

பூமிக்குள் போனால்

சாக்கடையில் ஊற்றினால் என்ன ஆகும்? கண்ணுக்குத் தெரியாமல் போகும். அவ்வளவுதான். அது எங்கேயும் மறைந்துவிடுவது இல்லை.

தண்ணீரின் மேலே ஆயில் மெல்லிய படலமாகப் பரவும். அந்தப் படலம், காற்று தண்ணீருக்குள் போகவிடாமல் தடுக்கும். மீன் மூச்சுக்குத் திணறும். ஒரு வண்டியில் ஒரு தடவை ஆயில் மாற்றும்போது இறங்கும் பழைய ஆயில், சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்று மேலே சொன்ன அமெரிக்க நிறுவனமே எச்சரிக்கிறது.

அரியலூர் பூமி, சாதாரண பூமி அல்ல. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. கடல் பிராணிகளின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. அந்தக் கல்லுக்காகத்தான் சிமெண்டு ஆலைகள் வந்தன. 1979-ல் அரசாங்க சிமெண்டு ஆலை ஓடத் தொடங்கியது. தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன. ஆனால் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் உண்டு, பொந்தும் உண்டு. மேலே ஊற்றியது கீழே இறங்க அதுவே வழி!

பெரம்பலூர் பக்கம் பெரும்பாலும் பாறை பூமி. அங்கே தண்ணீர் பாறை இடுக்கில் நிற்கிறது. செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயமும், மற்ற இடங்களில் உள்ள மக்காச்சோளமும் பருத்தியும் மழையையும் கிணற்றையும் நம்பி விளைகின்றன. பெரிய ஆற்றுப் பாசனம் கிடையாது. தண்ணீரின் அருமையை அந்த ஊர் ஜனங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியது இல்லை. அப்படிப்பட்ட ஊரில், ரோட்டோரப் பட்டறையின் பின்பக்கம் மண் கருப்பாக ஊறிக்கிடந்தால் எப்படி இருக்கும்?

பூமிக்குள் போன எண்ணெயைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று சென்னை தண்டையார்பேட்டை ஜனங்களைக் கேளுங்கள். 2013-ல் அங்கே பூமிக்கு அடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்தது. வீடுகளில் உள்ள ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது! அது எஞ்சின் ஆயில் அல்ல. ஆனால் பூமிக்கு அது எல்லாம் ஒன்றுதான்.

மாட்டுக்கும் மருந்தா?

எல்லோரும் கொட்டிவிடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. நமது ஜனங்கள் சிக்கனக்காரர்கள். எதையும் வீணாக்க மனம் வராது. அதனால் பழைய ஆயிலுக்கும் வீட்டில் பல வேலைகள் வைத்திருக்கிறார்கள்.

கரையான் வராமல் இருக்க மரத்தூணில் பூசுகிறார்கள். துருப்பிடிக்காமல் இருக்கக் கலப்பையிலும் சங்கிலியிலும் தடவுகிறார்கள். இவை ஓரளவுக்குப் போகட்டும். ஆனால் நாய்க்குச் சொறி வந்தாலும் பழைய ஆயில்! மாட்டுக்குப் புண் வந்தாலும் பழைய ஆயில்! இது என்ன வைத்தியம்? நாய் உடம்பை நக்கும். மாடும் நக்கும். உலோகத் தூளும் கரியும் பிராணியின் வயிற்றுக்குள் போகும். கால்நடை டாக்டரிடம் போனால் நல்ல மருந்து கிடைக்கும்.

பழைய ஆயிலை எலிகளின் தோலில் தடவி விஞ்ஞானிகள் சோதித்திருக்கிறார்கள். தொடர்ந்து தடவியதில் எலிகளுக்குத் தோல் புற்றுநோய் வந்தது. அதனால்தான் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் கையுறை போட வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். நமது பட்டறைகளில் கையுறையை யார் கண்டார்கள்? காலை முதல் மாலை வரை முழங்கை வரைக்கும் ஆயில். சாயங்காலம் பெட்ரோலை ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டு, அதே உடுப்போடு வீட்டுக்குப் போகிறார்கள். குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறது.

உங்கள் வீட்டில் மெக்கானிக் இருந்தால், தாய்மார்கள் ஒன்று செய்யலாம். பட்டறை உடுப்பைத் தனியாக வையுங்கள். தனியாகத் துவையுங்கள். சாப்பிடும் முன்பு பெட்ரோல் அல்ல, சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காங்கிரீட் போடும்போது சென்ட்ரிங் பலகையில் பழைய ஆயிலைத் தடவுகிறார்கள். பலகை ஒட்டாமல் வர வேண்டும் அல்லவா, அதற்காக. அந்த ஆயில் கம்பியின் மேலே சிந்தினால் என்ன ஆகும்? காங்கிரீட் கம்பியைச் சரியாகப் பிடிக்காது! சிமெண்டு எந்தக் கம்பெனி, கம்பி எந்தக் கம்பெனி என்று பத்துத் தடவை விசாரிக்கிறீர்கள். பலகையில் என்ன தடவுகிறார்கள் என்றும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அதற்கென்று தனி எண்ணெய் கடையில் விற்கிறது.

மறுபடியும் டின்னுக்குள்!

கொட்டியது போக, தடவியது போக, மீதி ஆயில்தான் அதிகம். அதை வாங்க ஆள் வருகிறார். கையில் ரொக்கம் கொடுக்கிறார். ரசீது கிடையாது. பெயர் கிடையாது. டிரம்மை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்.

எங்கே போகிறது? நாடு முழுவதும் இப்படி விற்கப்படும் பழைய ஆயிலில் ஒரு பகுதி செங்கல் சூளையிலும், ரோடு போடத் தார் காய்ச்சும் இடத்திலும், சிறு கொதிகலன்களிலும் எரிக்கப்படுகிறது. சூடு போதாத அடுப்பில் இந்த ஆயிலை எரித்தால் அதில் உள்ள உலோகம் புகையோடு மேலே போகும். 2000-ம் வருடத்தில் இருந்து இந்தியா முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான் விற்கப்படுகிறது. அதனால் பழைய ஆயிலில் முன்பு இருந்த அளவுக்கு ஈயம் இல்லை. ஆனாலும் தேய்ந்த எஞ்சின் பாகங்களின் உலோகம் இருக்கிறதே!

இன்னொரு பகுதி போகும் இடம்தான் ஆச்சரியமானது. வடிகட்டி, நிறம் ஏற்றி, பெயர் பெற்ற கம்பெனிகளின் காலி டின்னில் அடைத்துப் புது ஆயில் என்று விற்கிறார்கள்! போலி ஆயில் பிடிபட்டது என்ற செய்தி அடிக்கடி வருகிறது அல்லவா? உங்கள் வண்டியில் இருந்து இறக்கிய அழுக்கு ஆயிலுக்கு நீங்களே மறுபடியும் புது ஆயில் விலை கொடுத்து வாங்குகிறீர்கள்! எஞ்சின் தேய்ந்து, பட்டறைக்கும் மறுபடி செலவு!

இதைத் தடுக்க உங்கள் கையில் ஒரு வழி இருக்கிறது. ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். சீல் உடையாத டின்னா என்று பாருங்கள். ஊற்றி முடித்ததும் காலி டின்னை ஓட்டை போடச் சொல்லுங்கள். ஓட்டை டின்னில் போலி ஆயில் அடைக்க முடியாது. காலி டின்னைக் காசுக்கு விற்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லெண்ணெய் வாங்கவும் வைத்துக்கொள்ளாதீர்கள்! இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், எஞ்சின் ஆயில் சமையல் அறைக்குள் போன கதை ஒன்று உண்டு. 1959-ல் ஆப்பிரிக்காவில் உள்ள மொராக்கோ நாட்டில் நடந்தது. அங்கே இருந்த அமெரிக்க விமானத் தளத்தில், தேவைக்கு மேல் மிஞ்சிய விமான எஞ்சின் ஆயிலை விற்றார்கள். வாங்கிய வியாபாரிகள் அதைச் சமையல் எண்ணெயில் கலந்துவிட்டார்கள். எண்ணெய் மலிவு. ஏழைகள் வாங்கினார்கள். சுமார் 10,000 பேருக்குக் கைகால் விளங்காமல் போயிற்று! அந்த ஆயிலில் கலந்திருந்த ஒரு ரசாயனம் நரம்பைத் தாக்கிவிட்டது. விற்றவருக்கு, அது எங்கே போகும் என்று தெரியாது. சாப்பிட்டவருக்கு, அது எங்கே இருந்து வந்தது என்று தெரியாது.

புழுதிக்கு ஊற்றிய ஆயில்

அரியலூர் ரோட்டில் புழுதி அதிகம். லாரி போனால் ஆள் தெரியாது. “பழைய ஆயிலை ரோட்டில் தெளித்தால் புழுதி அடங்குமே!” என்று யாருக்காவது யோசனை வரலாம். வேண்டாம்!

அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று ஒரு சிற்றூர் இருந்தது. சுமார் 2,000 பேர் வசித்தார்கள். மண் ரோடுகள். புழுதி தாங்க முடியவில்லை. 1970-ம் வருடங்களில் ஒரு கான்டிராக்டரிடம் பணம் கொடுத்து, ரோடுகளில் பழைய ஆயிலைத் தெளிக்கச் சொன்னார்கள். புழுதி அடங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அந்த கான்டிராக்டர் பட்டறைகளில் மட்டும் ஆயில் வாங்கவில்லை. ஒரு ரசாயன ஆலையின் கழிவையும் வாங்கி அதில் கலந்திருந்தார். அந்தக் கழிவில் டையாக்சின் என்ற கொடிய விஷம் இருந்தது. 1982 டிசம்பரில் வெள்ளம் வந்து ஊரே மூழ்கியது. அதே சமயத்தில் மண்ணில் விஷம் இருப்பதும் வெளியே வந்தது. “இனி இங்கே குடியிருக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். 1983-ல் அரசாங்கமே எல்லா வீடுகளையும் விலைக்கு வாங்கியது. ஊரை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு பூங்காதான் இருக்கிறது.

எல்லாப் பழைய ஆயிலிலும் டையாக்சின் இருக்கிறது என்று பயமுறுத்தவில்லை. டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதுதான் ஆபத்து. பெயர் சொல்லாமல் வாங்கி, பெயர் சொல்லாமல் விற்கும் வியாபாரத்தில் எது வேண்டுமானாலும் கலக்கலாம்.

சட்டம் தூங்கவில்லை

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

அபாயக் கழிவுகள் பற்றி 1989-லேயே மத்திய அரசாங்கம் விதிகள் கொண்டுவந்தது. இப்போது இருப்பது 2016-ம் வருடத்து விதிகள். அதன்படி பழைய ஆயில் ஓர் அபாயக் கழிவு. அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். 2023 செப்டம்பரில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஆயில் தயாரித்து விற்கும் கம்பெனிகளே, பழைய ஆயில் மறுபடியும் உபயோகத்துக்கு வருவதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று விதி செய்தார்கள். 2024 ஏப்ரல் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது.

அது எப்படி நடக்கிறது? ஆயிலைச் சுத்திகரிக்கும் ஆலைக்கு, எவ்வளவு ஆயில் சுத்தம் செய்தது என்பதற்குச் சான்று கிடைக்கும். அந்தச் சான்றை ஆயில் கம்பெனிகள் பணம் கொடுத்து வாங்கி, தங்கள் கணக்கைக் காட்ட வேண்டும். முதல் வருடம் 100-க்கு 5 பங்கு. பிறகு படிப்படியாக ஏறி 100-க்கு 50 பங்கு. ஆகவே பழைய ஆயிலுக்கு இப்போது ஒரு நல்ல விலை உண்டு. பணம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பணம் எதுவரை வரும்? பெரிய பஸ் டெப்போ வரை வரும். சிமெண்டு ஆலை வரை வரும். அங்கே டிரம் டிரம்மாக ஆயில் கிடைக்கும். லாரி அனுப்பினால் கட்டுப்படி ஆகும். துறைமங்கலத்தில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் சைக்கிள் பார்க்கும் மெக்கானிக்கிடம் 20 லிட்டர் இருக்கும். கீழப்பழுவூரில் டிராக்டர் பார்க்கிறவரிடம் 30 லிட்டர் இருக்கும். அவர்களைத் தேடி எந்த ஆலையின் வண்டி வரும்? ரொக்கம் கொடுக்கும் பெயர் இல்லாத ஆள்தான் வருவார்!

அபராதம் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நல்ல வழியைக் காட்டாமல் அபராதம் போட்டால், ஆயில் ராத்திரியில் ஓடையில் ஊற்றப்படும். முதலில் வண்டி வரட்டும். பிறகு அபராதம் வரட்டும்.

பால் சங்கத்தைப் பாருங்கள்

சிறுகச் சிறுகச் சேர்க்கும் வித்தை இந்த மாவட்டங்களுக்குப் புதிது அல்ல. தினமும் காலையிலும் மாலையிலும் கிராமத்தில் என்ன நடக்கிறது? ஒருவர் 2 லிட்டர் பால் கொண்டு வருகிறார். ஒருவர் 5 லிட்டர் கொண்டு வருகிறார். ஒரு பாட்டி அரை லிட்டர் கொண்டு வருகிறார். “அரை லிட்டருக்கு எங்கள் வண்டி வராது” என்று பால் சங்கம் சொல்கிறதா? இல்லை. அளந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதித்து, கணக்கில் எழுதி, பணம் கொடுக்கிறது. கேன்கள் நிரம்பியதும் வேன் வந்து எடுத்துப்போகிறது.

பாலாவது சில மணி நேரத்தில் கெட்டுப்போகும். ஆயில் கெடாது. ஒரு மாதம் கிடந்தாலும் அப்படியே இருக்கும். பாலுக்குத் தினமும் 2 தடவை வண்டி அனுப்ப முடிகிறது. ஆயிலுக்கு மாதம் ஒரு தடவை அனுப்ப முடியாதா?

எங்கே சேர்ப்பது? ஆயில் விற்கும் கடைதான் சரியான இடம். புது ஆயில் வாங்கப் போகிறவர் பழைய ஆயிலைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். விற்கிற கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். ஜெர்மனியில் 1987-ல் இருந்தே இப்படித்தான் சட்டம். எவ்வளவு எஞ்சின் ஆயில் விற்றாரோ, அவ்வளவு பழைய ஆயிலைக் கடைக்காரர் காசு கேட்காமல் திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும். இத்தாலியில் இதற்கென்றே அமைந்த ஒரு கூட்டமைப்பு 1984 முதல் நாடு முழுவதும் பட்டறை பட்டறையாகப் போய்ப் பழைய ஆயிலைச் சேர்க்கிறது. சேர்த்ததில் கிட்டத்தட்ட முழுவதும் சுத்தம் செய்யப்பட்டு மறுபடியும் ஆயில் ஆகிறது.

“கடையில் இடம் இல்லை, நாறும், தீப்பிடிக்கும்” என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். புது ஆயில் டின்களை அடுக்க இடம் இருக்கிறது. மூடி போட்ட ஒரு டிரம்முக்கு இடம் இல்லையா? பழைய ஆயில் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றிக்கொள்ளாது. அதற்காகப் பக்கத்தில் நின்று பீடி பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை!

“தண்ணீரைக் கலந்துவிடுவார்கள்” என்பார்கள். கலப்பார்கள்தான். பாலிலும் கலக்கத்தான் செய்கிறார்கள். அதற்காகப் பால் சங்கத்தை மூடிவிட்டோமா? ஆயிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டால், தண்ணீர் கலந்த ஆயில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போலச் சடசட என்று வெடிக்கும். (இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

உண்மையான கஷ்டம் வேறு. பெயர் இல்லாத ஆள் கொடுக்கும் விலையைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாகக் கொடுத்தால்தான் பட்டறைக்காரர் டிரம்மை இந்தப் பக்கம் திருப்புவார். அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. தர்மத்துக்காகக் கொடு என்று அவரிடம் கேட்பது நியாயம் அல்ல. அந்தக் கூடுதல் ரூபாயை, சான்று வாங்கும் ஆயில் கம்பெனிகள் கொடுக்க வேண்டும். புது விதியில் பழைய ஆயில் வசூல் செய்யும் ஏஜெண்டுகளும் பதிவு செய்துகொள்ள இடம் இருக்கிறது. வேலை இல்லாத இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சிறு வேன் வைத்துக்கொண்டு இதில் இறங்கினால், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஒரே வண்டி போதும்.

சூளையில் போட்டால் என்ன?

“எதற்கு இவ்வளவு கஷ்டம்? அரியலூரில் இத்தனை சிமெண்டு ஆலைகள் இருக்கின்றனவே. சூளையில் போட்டு எரித்துவிட்டால் என்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

சிமெண்டுச் சூளை சாதாரண அடுப்பு அல்ல. உள்ளே கல் சுமார் 1,450 டிகிரி சூட்டில் வேகிறது. அந்தச் சூட்டில் ஆயில் மிச்சம் இல்லாமல் எரியும். சாம்பலும் சிமெண்டோடு கலந்துவிடும். செங்கல் சூளையில் எரிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். அரசாங்க அனுமதியோடு கழிவுகளைச் சிமெண்டுச் சூளையில் எரிக்கவும் விதியில் இடம் உண்டு. தண்ணீரும் மண்ணும் கலந்து, இனி சுத்தம் செய்யவே முடியாது என்ற ஆயிலையும், டிரம்மின் அடியில் தங்கும் சேற்றையும் தாராளமாக அங்கே அனுப்பலாம்.

ஆனால் நல்ல ஆயிலை எரிப்பது எப்படி இருக்கிறது தெரியுமா? பட்டுப் புடவையில் ஒரு கறை பட்டுவிட்டது என்று அதைக் கரித்துணி ஆக்குவது போல! எரித்தால் ஒரே தடவை. சுத்தம் செய்தால் மறுபடியும் மறுபடியும்.

சிமெண்டு ஆலைகள் செய்யக்கூடிய நல்ல காரியம் வேறு இருக்கிறது. ஆலை வாசலில் தினமும் நூற்றுக்கணக்கான லாரிகள் வரிசையில் நிற்கின்றன. டிரைவர்கள் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த இடத்திலேயே ஒரு கொட்டகை போட்டு, சிமெண்டுத் தரை போட்டு (அதற்கா பஞ்சம்?), ஆயில் மாற்ற வசதி செய்து, இறக்கும் ஆயிலை அங்கேயே டிரம்மில் பிடித்துக்கொள்ளலாம். லாரி உரிமையாளர்களும் ஆலைக்காரர்களும் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் முடிகிற வேலை. கலெக்டர் கூப்பிட்டால் வராமலா போவார்கள்?

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு, பெரம்பலூர் நான்கு ரோடு பக்கம் உள்ள ஆயில் கடைகளில் ஆரம்பிக்கலாம். பச்சை பெயிண்டு அடித்த ஒரு டிரம். மேலே புனல், மூடி. ஒரு லிட்டருக்கு என்ன விலை என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகை. பக்கத்தில் ஒரு ரசீதுப் புத்தகம்.

அடுத்த தடவை நீங்கள் வண்டியைப் பட்டறையில் விடும்போது, “அண்ணே, இந்தப் பழைய ஆயிலை யாருக்குக் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டுப்பாருங்கள்.